அணிலுக்குப் போன பழங்கள்

ஈஸ்டர் பூசை முடிந்து வந்ததும் மேசை நடுவே தட்டில் அந்த ஒற்றை அத்திப்பழத்தை வைத்தேன்.

ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு வாசலில் டிரம்மில் வைத்து வளர்த்த மரம். நாலு வருஷம் சும்மா நின்றுவிட்டு இந்த வருஷம்தான் காய்த்தது.

“இந்த மதலைமுத்து ஒண்ணை விட்டான்னா விட்டான்தான். நாப்பது நாள் தொடலை” என்றேன். குரல் நடுங்கவே இல்லை.

மகன் ஷெர்வினும் மருமகள் லீனாவும் கை தட்டாத குறைதான். ஏழு பழம் என் வயிற்றுக்குள் போயிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். மனைவி கேத்தரினுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும்.

சாம்பல் புதனன்று, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்துக்கு எதை விடுவது என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். காய்கள் அப்போது கோலிக்குண்டு அளவுதான். ஈஸ்டருக்குள் பழுக்காது என்கிற தைரியத்தில் அத்திப்பழம் என்று அறிவித்துவிட்டேன். கேத்தரின் மட்டும் தன்னுடையதைச் சொல்லவில்லை. அது தனக்கும் ஆண்டவருக்கும் நடுவே என்றாள்.

வெயில் முந்திக்கொண்டது.

முதல் பழத்தை ஸ்டூல் போட்டு ஏறித்தான் பறித்தேன். தோல் இளஞ்சூடாக இருந்தது. பிட்டால் உள்ளே அப்படி ஒரு சிவப்பு. விதைகள் பல்லில் நறநறவென்றன. மோட்சம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைகள் அந்த நாற்பதில் சேராது. சூசையப்பர் திருநாளும் விலக்குதான். மற்ற நாட்களுக்கு நான் காரணம் தேடவில்லை.

பழம் குறைந்தபோதெல்லாம் அணில் என்றேன். “பாவம், தின்னட்டும்” என்றாள் கேத்தரின். காம்புப் பால் பட்டு உதடு புண்ணானது. வெயில் சூடு என்றேன். தேங்காய் எண்ணெயை எடுத்து நீட்டினாள்.

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அப்படி அமைதியான நாட்களை நான் பார்த்ததில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டேன், திட்டவில்லை. கேஸ் புக் பண்ண மறந்தேன், திட்டவில்லை. கடைசியில் என் அருமை புரிந்துவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

வீடு என்னவோ உப்பில்லாமல்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது மேசையில் இருந்த அந்த ஒற்றைப் பழத்தை நாலாக வெட்டக் கத்தியை எடுத்தேன்.

கேத்தரின் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

“நாப்பது நாள் முடிஞ்சிடுச்சு. உங்களத் திட்றதைத்தான் நான் விட்டிருந்தேன், பல்லைக் கடிச்சிக்கினு. அந்த அணிலு ஸ்டூல் ஏறும்போது ‘அய்யோ முட்டி’ன்னு முனகிச்சே, அதுலேர்ந்து ஆரம்பிக்கட்டுமா?”

ஷெர்வின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கத்தியைக் கீழே வைத்தேன். பழத்தை முழுசாக அவள் பக்கம் நகர்த்தினேன்.

ஒரு கடி கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். எங்கள் மரத்துப் பழம் அவள் வாய்க்குப் போனது அதுதான் முதல் தடவை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

விழுங்கிவிட்டு ஆரம்பித்தாள்.

பிரியாணி ஆறிப்போகும்வரை நான் காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தேன்.