தாய்நாட்டுக்கு நூற்றுக்கு இரண்டு

எங்கள் நாட்டுத் தூதரக வாசலில் கிப்ரோம் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். எரித்ரியாவிலிருந்து என்னோடு பாலைவனம் தாண்டி ஓடி வந்தவன்.

"நம்மள அடிச்சுத் துரத்தினவங்களுக்கே வரி கட்டப் போறியா, லெதென்சா? வெக்கமா இல்ல?"

உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். ஸ்வீடனில் வாங்கிய எட்டு வருடச் சம்பளத்தில் நூற்றுக்கு இரண்டு கட்டினேன். கட்டாவிட்டால் பாஸ்போர்ட் கிடையாது. பாஸ்போர்ட் இல்லாமல் ஊருக்குள் கால் வைக்க முடியாது.

"இப்பத்தான் தாய்நாடு ஞாபகம் வந்துச்சாக்கும்?" எழுத்தர் ஒரு தாளை நீட்டினார். "பட்டாளத்துல இருந்து ஓடினதுக்கு வருந்துறேன்னு இதுல இருக்கு. கையெழுத்துப் போடு தங்கச்சி. சும்மா சம்பிரதாயம்தான்."

"சம்பிரதாயம் இல்லண்ணே. நெஜமாவே வருந்துறேன்."

அவர் முகம் மலர்ந்தது. "ஊர்ல யாரைப் பாக்கப் போற?"

"எங்க முகாம் கேப்டனை. இன்னும் அங்கதான் இருக்காராம்."

நிதானமாகக் கையெழுத்திட்டேன்.

என்னைக் கட்டிப்போட்டு நாசம் செய்தவன் அவன். நான் ஓடிய அன்று மதியம், வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். என் தோளில் குண்டு நிரப்பிய துப்பாக்கி இருந்தது.

சுடாமல் ஓடிவிட்டேன்.