முன்னூறு துண்டு வானம்

"முன்னூறு துண்டு! முன்னூறும் வானம்! இதையும் ஒரு புதிர்னு அனுப்புறாளே, இவளுக்கு என்னதான் ஆச்சு?"

எட்னா மடியிலிருந்த கணினியை மேஜைமேல் தள்ளினாள். வெளியே லுனன்பர்க் துறைமுகம் மூடுபனிக்குள் கிடந்தது. அவள் கணவர் கிளைட் அடுப்படியில் மீன் சூப் கிண்டிக்கொண்டிருந்தார்.

"வானம் நல்லாத்தானே இருக்கு" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

"பார்க்க நல்லாத்தான் இருக்கும். சேர்த்துப் பாருங்க, தெரியும்!"

ஒரு படத்தைப் போட்டால் துண்டு துண்டாக வெட்டித் தருகிற இணையதளம் அது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் எட்னா, ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவில் மோராக், நியூசிலாந்தில் ரோனா, இன்னும் இரண்டு மூன்று பெண்கள். ஒருத்தி புதிர் போட்டால் மற்றவர்கள் சேர்த்து முடிக்க வேண்டும், கீழே ஒரு வார்த்தை எழுத வேண்டும், பதிலுக்குத் தங்கள் புதிர் ஒன்றைப் போட வேண்டும். அந்த ஒரு வார்த்தை ஒரு நாளும் ஒரு வார்த்தையோடு நின்றதில்லை. பூனைக்கு வயிற்றுப்போக்கு, தீய்ந்துபோன கேக், மருமகளின் மூஞ்சி, எல்லாம் அங்கேதான் அலசப்படும். ஒருத்தி முகத்தை ஒருத்தி நேரில் பார்த்ததில்லை.

அதிலும் எட்னாவுக்கு உயிர் மோராக்தான். பொத்தான் டப்பா, நூல்கண்டு, ஜாம் பாட்டில் என்று கண்ணுக்கு இதமான படமாகத் தேடிப் போடுவாள். எட்னாவுக்கு மணிக்கட்டு வலி என்பதால் எண்பது துண்டுக்கு மேல் வெட்டவே மாட்டாள்.

இதய ஆபரேஷன் முடிந்து எட்னா வீட்டுக்கு வந்ததிலிருந்து எல்லாம் தலைகீழ். விடிந்தால் வானம். நீல வானம், சாம்பல் வானம், இரண்டும் இல்லாத வானம். கீழே எழுதுவதும் தந்தி அடித்த மாதிரி: 'இன்று மழை இல்லை. காற்று வடக்கே. நலமா?'

"இந்த ரோனாவைப் பாருங்க. 'ஆஹா, அற்புதம் மோராக்!'னு எழுதியிருக்கா. மத்தவளுங்களும் அதே ஜால்ரா. நல்லாயில்லைன்னு ஒருத்தி வாயைத் திறக்கட்டுமே!"

"சரி விடு. பிடிக்கலைன்னா இன்னிக்கு முடிக்காதே."

"வந்த புதிரை முடிக்காம விடறதா? எங்க கூட்டத்துல அந்த வழக்கமே கிடையாது."

எட்னா திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வானம் கூடப் போகட்டும் கிளைட். நான் சாகக் கிடந்து பிழைச்சு வந்திருக்கேன். என் மோராக் எனக்குப் பக்கம் பக்கமா எழுதியிருக்கணும். காத்து வடக்கேன்னு எழுதறா. நான் அலுத்துப் போயிட்டேன் அவளுக்கு."

அதுதான் விஷயம். கோபமெல்லாம் மேல்பூச்சு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினியை இழுத்தாள். தட்டத் தட்ட வாய்விட்டும் சொன்னாள்.

"மோராக், என்னோட பேசப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடு. இந்தக் குப்பையை இனி என் தலையில கொட்டாதே."

அனுப்பப் போன விரலை, சூப் கரண்டியோடு ஓடிவந்த கிளைட் பிடித்துக்கொண்டார். முட்டிவலிக்காரர் அவ்வளவு வேகமாக ஓடி அவள் பார்த்ததே இல்லை.

"வேண்டாம் எட்னா."

"ஏன்? நீங்களும் அந்த ஜால்ரா கோஷ்டியா?"

"ஆமாம்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுப்பில் சூப் பொங்கி வழிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"இனிமே உன் நெஞ்சு எதையும் தாங்கும்னு நேத்து டாக்டர் சொன்னார். அதான் சொல்றேன். மோராக் போயிட்டா. உனக்கு ஆபரேஷன் நடந்த அதே வாரம். நிமோனியா."

எட்னா திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அப்ப... இது யாரு?"

"மேக்னஸ்."

மோராக்கின் புருஷன். மீன்பிடிப் படகுக்காரர். 'எங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டரைக் கண்டா காத தூரம் ஓடுவார்' என்று மோராக் கேலி செய்வாளே, அந்த மேக்னஸ்.

"'எட்னாவோட நெஞ்சைக் கீறித் தெச்சு வெச்சிருக்காங்க. அவ தேறி எழுந்திருக்கற வரைக்கும் நான் போனது அவளுக்குத் தெரியக் கூடாது. தினம் ஒரு புதிர் என் பேர்ல போயிட்டே இருக்கணும்'னு சொல்லிட்டுப் போயிருக்கா. அவர் எனக்கு போன் பண்ணி அழுதார். ரோனாதான் எந்தப் பொத்தானை அமுக்கணும்னு போன்லயே அவருக்குச் சொல்லிக் குடுத்தா. உன்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும்."

"எதுக்கு முன்னூறு துண்டு?"

"கொஞ்சமா வெட்டினா கஞ்சத்தனம்னு நினைச்சிருக்கார், பாவம். படகுக்காரர் இல்லையா, எழுந்ததும் மேலேதான் பார்ப்பார். அதையே படம் எடுத்துப் போட்டுடறார். மாத்தச் சொல்ல எங்க யாருக்கும் மனசு வரல."

எட்னா வெகுநேரம் அழுதாள். கிளைட் அவள் கையை விடவில்லை. சூப் அடிப்பிடித்த வாசனை வீடு முழுக்கப் பரவியது.

பிறகு, தட்டியிருந்ததை எழுத்து விடாமல் அழித்தாள். மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்க, ஒரு துண்டுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே தெரியாத அந்தச் சாம்பல் நிறத்தோடு சாயங்காலம் வரை மல்லுக்கட்டினாள்.

கடைசித் துண்டு பொருந்தியதும், கீழே எழுதினாள்:

"முடிச்சுட்டேன், மேக்னஸ். நாளைக்கும் வானமே அனுப்புங்க."