பதினெட்டாவது கையெழுத்து

பதினேழு வீட்டார் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பதினெட்டாவது வீட்டு ஹினேஸ் மட்டும் ஒரு வாரமாக நழுவிக்கொண்டிருந்தான்.

லெயாந்த்ரோவுக்குப் பொறுமை போய்விட்டது. வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் நொயேலியா வீட்டு முன்னறையில் பல் ஆஸ்பத்திரி திறக்கப்போகிறாள். போர்டு எழுதுகிறவர் முகவரிக்காகக் காத்திருக்கிறார். தெருவின் பெயரோ அல்காந்தரியா. அந்த ஊர் மொழியில் சாக்கடை என்று அர்த்தம்.

பெயரை மாற்ற நகராட்சி தயார்தான். எல்லா வீட்டுக் கையெழுத்தும் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வேண்டும் என்றது. இன்று வெள்ளி.

ஃபுயென்சாந்தாவின் மதுக்கடையில் ஹினேஸ் பச்சை மொச்சையை உரித்து, உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். நகராட்சியில் பாதாளச் சாக்கடை வேலை அவனுக்கு.

"போடுறியா, மாட்டியா?" தாளை அவன் முன் அடித்து வைத்தார் லெயாந்த்ரோ.

"போட்டுத் தொலையேன்ப்பா" என்றாள் ஃபுயென்சாந்தா. "பல்லு பிடுங்க வர்றவங்க மூக்கையும் பிடிச்சுக்கிட்டா வருவாங்க?"

கடையே சிரித்தது.

"பேர்ல என்ன அழுக்கு மேனேஜர் ஐயா?" என்றான் ஹினேஸ். "அரபிக்காரங்க 'அல்காந்தரா'ன்னு சொன்னது பாலத்தை. இந்த முனையில வாய்க்கால் மேல சின்னதா ஒரு பாலம் இருந்துச்சு. பாலத்தோட பேரு அடியில ஓடுற தண்ணிக்கு வந்துச்சு. அப்புறம்தான் சாக்கடைக்கு. பாலம் என்ன பாவம் பண்ணுச்சு?"

"சாக்கடைக்குள்ள கிடக்கிறவனுக்குச் சாக்கடை மணக்கத்தான் செய்யும்! என் பொண்ணு பொழப்புல மண்ணைப் போடுறே. காரணத்தை இத்தனை பேர் முன்னாடி சொல்லு பார்ப்போம்!"

கடையில் யாரோ 'பொறாமை' என்றார்கள். ஹினேஸ் மொச்சைத் தோலை ஒதுக்கிவிட்டு எழுந்தான்.

"வெளிய வாங்க ஐயா."

வாசலைத் தாண்டி, காது கேட்காத தூரம் வந்த பிறகுதான் நின்றான்.

"பேரை மாத்தினா ஒவ்வொரு வீட்டுக் கழிவுக் குழாயும் எங்க போய்ச் சேருதுன்னு நகராட்சிக்குப் புதுசா எழுதிக் கொடுக்கணும். எழுதப்போறது நான். பொய் எழுத என்னால முடியாது."

"உண்மையையே எழுது! யார் வேண்டாம்னா?"

"போன வாரம் ஆஸ்பத்திரிக்காக உங்க வீட்டுக் குழாயைப் பார்க்கச் சொல்லி நொயேலியா கூப்பிட்டுச்சு. தண்ணி எங்க போய்ச் சேருதுன்னு சாயம் கரைச்சு ஊத்திப் பார்த்தேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் நழுவிக்கிட்டு இருந்தேன். ஞாயித்துக்கிழமை என் தம்பியோட வந்து குழாயைத் திருப்பி விட்டுடுறேன். அடுத்த மாச நகராட்சிக் கூட்டத்துக்கு முதல் கையெழுத்து என்னோடது."

"திருப்பி விடுறியா? எதுக்கு?"

ஹினேஸ் கடைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். குரலை இன்னும் இறக்கினான்.

"தெருவுல எல்லார் வீட்டுக் கழிவும் சாக்கடைக்குத்தான் போகுது ஐயா. உங்க வீட்டுது மட்டும், ஊரே தோட்டத்துக்குப் பாய்ச்சுற வாய்க்காலுக்குப் போகுது."