பை மேக்கரின் மூடி

ஜன்னலோர ஸ்டூலில் கணவர்; வாசற்படியில் ஹெல்மெட்டும் கையுமாக நாத்தனார்; சமையல் மேடையருகே நின்றபடி வேலையிழந்த தையல்காரி. பேக்கரிக்காரர் மாதிரிக்குக் கேட்ட ‘பை’, அதாவது பூரணம் அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம், மதியத்துக்குள் போகாவிட்டால் ஆர்டர் கைநழுவிவிடும். ஏற்கெனவே சுட்ட இரண்டு தடவையும் கணவர் ஆர்வம் தாங்காமல் பாதியில் மின்கருவியான பை மேக்கரின் மூடியைத் தூக்கிப் பார்க்க, ஓரம் பிரிந்து காளான் பூரணம் வழிந்துவிட்டது. இப்போது அதன் சூடேறிய பள்ளத்தில் புது மாவு வட்டத்தைப் பதிக்கிறாள். பூரணம் நிரப்பி, மேல்வட்டம் போர்த்தி, மூடியை அழுத்திக் கொக்கி மாட்டுகிறாள். ஆவி சீறுகிறது.

"லேசா திறந்து பாக்கட்டுமா?"

"கை வச்சீங்க, உங்களையும் உள்ள வச்சு மூடிடுவேன்."

"கையைக் கட்டிக்கிட்டு உக்காருண்ணா. அண்ணி சொன்னா செஞ்சிடுவாங்க!"

கைப்பிடியை விடாமல் நிற்கிறாள். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொள்கிறாள். கருவியின் விளக்கு அணைந்ததும் திறக்கிறாள். ஓரம் முழுக்க ஒட்டி, பொன்னாகச் சிவந்திருக்கிறது. சூடு ஆறியதும் அட்டைப்பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, நாத்தனாரிடம் நீட்டுகிறாள்.

"சாய்க்காம கொண்டு போ. பேக்கரிக்காரர் வேணாம்னு சொன்னா, என்ன குறைன்னு கேக்காம வராத."

ஸ்கூட்டர் கிளம்புகிறது.