ஷெரின் விட்டுவிட்ட பக்கம்

“கையை வெட்டு, காலை வெட்டு, அப்புறம் ‘பிள்ளைங்களுக்கு ஏத்த சைசு’ன்னு கொண்டாந்து வை. இதுக்குப் பேரு சுருக்கமா? கொலைம்மா, கொலை!”

ஓய்வுபெற்ற பேராசிரியர் ஞானசீலன் மேசையில் தட்டிய வேகத்தில் தலைமையாசிரியை சிஸ்டர் ஆன்மேரியின் காபி தளும்பியது. எதிரே நின்ற ஷெரினுக்குக் கண் தளும்பியது.

மேசையில் இரண்டு புத்தகங்கள். ஒன்று ஆயிரம் பக்க ருஷ்ய நாவலின் தமிழாக்கம், ஞானசீலனின் சொந்தப் பிரதி. போர் முடிந்து, பனியில் நடந்தே ஊர் திரும்பும் ஒரு சிப்பாயின் கதை. காலிகோ பைண்டிங். முதுகில் பொன்னெழுத்தில் நாவலின் பெயர், அதைவிடப் பெரிய பொன்னெழுத்தில் ‘பேரா. ஞானசீலன்’. இன்னொன்று, அதே நாவலை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஷெரின் எண்பது பக்கத்தில் சுருக்கியது.

மதுரையின் அந்தப் பள்ளியில் ஷெரின் தற்காலிக ஆசிரியை. மறுநாள் புத்தக வெளியீடு, ஞானசீலன் தலைமை. அவள் வேலையை நிரந்தரமாக்கும் குழுவுக்கும் அவரே தலைமை. அவர் தலைமை வகிக்காத எதையும் அந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை.

“பிள்ளைங்க ஆயிரம் பக்கத்தைத் தொடவே மாட்டேங்குதுங்க சார். இதைப் படிச்சா, பெரிசானதும் முழுசையும் தேடி எடுக்கும்னு...”

“எடுக்காது. டிரெய்லர் பாத்தவன் எவன் டிக்கெட் எடுக்குறான்?”

“எல்லாப் பயலுந்தான் எடுக்குறான் சார்” என்றார் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சிவபாண்டி. பெற்றோர் சங்கத் தலைவர். ஆனையூர்ப் பக்கம் பிளாட் விற்பவர். பேராசிரியர் திரும்பிப் பார்த்ததும் குரலை இறக்கினார். “இல்ல, எங்க பொண்ணு பவதாரிணி ஒரே ஞாயித்துக்கிழமையில இதைப் படிச்சு முடிச்சிருச்சு. செல்லையே தொடல. அதான் சொன்னேன்.”

“ஒரே நாள்ல முடியுற புத்தகம் புத்தகமாய்யா? முப்பது வருசமா ஒவ்வொரு தவக்காலத்துலயும் நான் இதைக் கையில எடுக்குறேன். மத்தவங்க கறியை மட்டுந்தான் விடுறாங்க. நான் கறியையும் விட்டு, இதையும் படிக்கிறேன்.” நாவலைத் தடவிக்கொடுத்தார். “பிரிஞ்சு போச்சுன்னு அப்பவே கட்டக் குடுத்தேன். சர்க்கார் ஆபீஸ் புத்தகமெல்லாம் பைண்டிங் பண்ற கடை. இன்னைக்கு வரைக்கும் ஒரு தாள் உதிர்ந்ததில்ல. அந்தக் கடைக்காரனுக்கு இருந்த மரியாதைகூட உனக்கு இல்லையேம்மா! சரி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கோழிக் கட்டம் எங்க?”

ஷெரினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “கோழியா சார்?”

“கேட்டீங்களா சிஸ்டர்? கோழியான்னு கேக்குது! நாவலோட உசுரே அங்கதான இருக்கு? சிப்பாய் ஒரு ஊருக்குள்ள வாரான். மனுசங்களைக் காணோம். அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணுன்னு கோழியெல்லாம் சாகுது. ஒரு சாம்ராஜ்யம் சாயுறதைக் கோழியை வச்சு எழுதியிருக்கான்யா! இதைப் பத்தி நான் பேசாத மேடை இந்த ஊர்ல உண்டா?”

“ஆமா ஷெரின்” என்றார் சிஸ்டர், மனம் நொந்த குரலில். “அந்தக் கோழிகளைப் போய் எப்படி விட்டீங்க? நான் படிச்சப்போ ரெண்டு நாள் சாப்பிடல.”

“எனக்கே மனசு ஆறல டீச்சர்” என்றார் சிவபாண்டி. “அதுலயும் அந்தச் சேவலு!”

“சேவல்! பாத்தியாம்மா, பிளாட் விக்கிறவருக்குத் தெரியுது!”

ஷெரின் நூலகப் பிரதியை இரண்டு தடவை வரி வரியாகப் படித்திருந்தாள். பனி ஞாபகம் வந்தது, பாலம் ஞாபகம் வந்தது, செத்துப்போன குதிரைகூட ஞாபகம் வந்தது. ஒரு கோழி இறகு கண்ணில் படவில்லை. ஆனால் பெரியவர்கள் மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள்.

“மன்னிச்சிருங்க சார். தூக்கக் கலக்கத்துல பக்கத்தைத் தள்ளிவிட்டேன் போல. விழாவை ஒத்திவச்சா அதையும் சேத்து...”

“சேத்துட்டா? உசுரை வெளிய வச்சுட்டு உடம்பைத் தைச்ச ஆளு நீ. உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எந்த மனசோட கையெழுத்துப் போடுவேன்?” சிவப்பு நாடா வைத்திருந்த பக்கத்தைத் திறந்து சிஸ்டரிடம் நீட்டினார். “சத்தமா வாசிங்க. எதைக் கொன்னோம்னு இந்தப் பொண்ணுக்குத் தெரியட்டும்.”

சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பூசையில் வாசகம் வாசிக்கும் குரலில் தொடங்கினார்.

“‘முதலில் தலை சாயும். கழுத்து முறுக்கிக்கொள்ளும். பறவை வானத்தைப் பார்த்தபடியே நிற்கும். பின்பு கால்கள் இழுத்துக்கொள்ளும்; சிறகு தொங்கி மண்ணைத் தொடும். ஒன்று விழுந்தால் மற்றவையும் விழும். பொழுது விடிவதற்குள் கூடு வெறுமையாகிவிடும்.’”

சிவபாண்டி மூக்கை உறிஞ்சினார். ஷெரின் தலையைக் குனிந்துகொண்டாள். இப்படி ஒரு பக்கத்தைத் தவறவிட்டவளுக்கு வேலை எதற்கு என்று அவளுக்கே தோன்றிவிட்டது.

“வானத்தைப் பாத்து நிக்குதே, அது கடவுளைக் கேள்வி கேக்குதும்மா!” ஞானசீலன் கைக்குட்டையால் கண்ணை ஒற்றினார். “இந்த இடம் வந்துட்டா எனக்குத் தாங்காது. மூடிவச்சிருவேன்.”

எடுத்த வாசகத்தைப் பாதியில் நிறுத்திப் பழக்கமில்லாத சிஸ்டர், பைண்டிங் பசையில் ஒட்டிக் கிடந்த அடுத்த தாளை நகத்தால் மெல்லப் பிரித்து, அதே குரலில் தொடர்ந்தார்:

“‘இதுவே வெள்ளைக்கழிச்சல் நோய். குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் கண்ணில் ஒரு சொட்டு தடுப்பு மருந்து விடவும். மேலும் விவரங்களுக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகவும்.’”