ஐந்தாவது சில்லு

சன்னலோரம் ரூஃபஸ், தலைவன். அவனுக்கு இடப்பக்கம் பெனிட்டா. கதவை ஒட்டிய முக்காலியில் இசக்கிமுத்து. மேசையின் தலைப்பக்கம் ஃபாதரின் நாற்காலி, காலி.

மின்விசிறிக்கு நேர் கீழே, செயலாளர்.

லத்தீன் கழகக் குறிப்பேட்டில் தன்னையும் சேர்த்து இத்தனையும் எழுதிவிட்டு அவள் பேனாவை மூடப் பார்த்தாள். மூடி பொருந்தவில்லை.

மேசை நடுவில், உடைந்த பூந்தொட்டியின் சில்லுகள்.

வருடத்துக்கு ஒருமுறை இது விளையாட்டு. பழைய ஏதென்ஸ்காரர்கள் ஊருக்கு ஆகாதவன் பெயரைப் பானைச் சில்லில் கீறி அவனை நாடு கடத்தினார்களாம். கழகத்திலும் அப்படியே. அதிகச் சில்லு வாங்கியவர் வராந்தாவில் நின்று, உள்ளே கூப்பிடும்வரை லத்தீன் வினைச்சொற்களை உரக்கச் சொல்ல வேண்டும்.

போன வருடம் நின்றது அவள். கதவிடுக்கு வழியே இசக்கிமுத்து பருப்புவடை நீட்டினான்.

இந்த வருடம் வராந்தாவோடு முடியாது. பெயர் வந்தவர் விடுதியை விட்டே போக வேண்டும்.

விடுதித் தண்ணீர்த் தொட்டியில் காக்கை செத்து மிதந்ததையும், பிள்ளைகள் மஞ்சள்காமாலையில் படுத்ததையும் யாரோ சுகாதார அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். தட்டச்சுக் கடிதம். பெயர் இல்லை. கையெழுத்து இல்லை.

வலது மூலையில் தேதி மட்டும் இருந்தது. ரோமன் எண்களில்.

தேதி போடாத கடிதத்துக்கு மதிப்பெண்ணே கிடையாது என்ற பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவள் அவள். விரல் அதுபாட்டுக்குப் போட்டுவிட்டது.

கடிதத்தின் நகல் கல்லூரிக்கு வந்தபோது ஃபாதர் சிரித்தே விட்டாராம். விடுதிக்கும் அவர்தான் பொறுப்பு, கழகத்துக்கும் அவர்தான். கல்லூரியில் இப்படித் தேதி போடுகிற ஆட்கள் நாலே பேர் என்பது அவருக்குத் தெரியாதா?

"உங்களுக்குள்ள பேசி ஒரு பேரைக் குடுங்க. இல்லன்னா நாலு பேரும் பெட்டியக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரூஃபஸ் தொண்டையைச் செருமினான்.

"ஏல இசக்கி, நீ தபால்பெட்டியில கவர் போட்டத வாட்ச்மேன் பாத்திருக்காரு. ஒத்துக்கிட்டா இந்தச் சில்லுக்கே வேலையில்ல."

"போட்டது நாந்தான்."

"எழுதுனது?"

இசக்கிமுத்து முக்காலியை முன்னும் பின்னும் ஆட்டினான். "ரோமாபுரி ராஜா எழுதிருப்பாரு. தேதியப் பாத்தாத் தெரியலயா?"

பெனிட்டா சிரிக்கவில்லை. "வெளயாடாத மக்கா. பெட்டியோட போயி நின்னேன்னா எங்கம்மா வாசப்படி ஏத்தமாட்டா."

அவன் செயலாளர் பக்கம் திரும்பவே இல்லை.

டவுனுக்குக் கிளம்பியவன் கையில் அவள்தான் கவரைத் திணித்தாள், இதையும் போட்டுரு என்று. யாருக்கு என்றுகூட அவன் கேட்கவில்லை.

இப்போதும் கேட்கவில்லை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவள் ஊருக்கும் இந்தக் கல்லூரிக்கும் ஒரு பகல் பயணம். விடுதி போனால் படிப்பும் போயிற்று.

ஆணியை எடுத்து ரூஃபஸ் பக்கம் நகர்த்தினாள்.

சில்லும் ஆணியும் கை மாறின. கொஞ்ச நேரம் கிறீச் கிறீச்சென்ற சத்தம்தான். அவள் ஆணியைச் சில்லில் வைத்தாள், எடுத்தாள். வெறும் சில்லைத்தான் கூடையில் போட்டாள்.

எடுத்து வாசிப்பது செயலாளர் வேலை.

முதல் சில்லு. இசக்கிமுத்து. ரூஃபஸின் அழுத்தக் கை.

இரண்டாவதும் அதே பெயர். சில்லுக்கு வலிக்குமோ என்பதுபோல் லேசாகக் கீறியிருந்தாள் பெனிட்டா.

மூன்றாவது, வெறும் சில்லு. செல்லாது என்று குறித்துக்கொண்டாள்.

நான்காவதைத் திருப்பினாள்.

பெரிய ரோமன் எழுத்துகள். யு வர வேண்டிய இடத்திலெல்லாம் வி, பழைய கல்வெட்டில் இருப்பதுபோல. அந்தக் கிறுக்கு கழகத்தில் ஒருவனுக்குத்தான் உண்டு.

தன் பெயரைத் தானே கீறியிருந்தான்.

அவள் நிமிர்ந்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாசிங்க செயலாளரம்மா. வடை ஆறிரும்."

வாசித்தாள்.

அவன் எழுந்தான். முக்காலியைச் சுவரோரம் தள்ளிவைத்தான். யாரும் சொல்லாமலே வராந்தாவுக்குப் போய் நின்று, வினைச்சொற்களை ஆரம்பித்தான். உரக்க, ஒன்றுவிடாமல்.

"நிறுத்துல!" என்றான் ரூஃபஸ்.

வினைச்சொற்கள் நிற்கவில்லை. பெனிட்டா முகம் கழுவப் போய்விட்டாள்.

செயலாளர் தாளை எடுத்தாள். அனுப்புநர். பெறுநர். பொருள். ஐயா. கழகம் இன்று கூடியது. கடிதம் எழுதியவரின் பெயர் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

"பேர இதுலயே எழுதலியா?" என்றான் ரூஃபஸ்.

"சில்லாவே வச்சிருவோம். அதான நம்ம வழக்கம்."

அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு, பியூன் அந்தோணியைக் கூப்பிட மாடிப்படி இறங்கினான்.

கூடையில் நாலு சில்லும் கிடந்தன. அவள் அவற்றைத் தொடவில்லை. மேசையில் மிச்சம் கிடந்ததில் ஒன்றை எடுத்தாள். ஆணியை எடுத்தாள்.

இந்தத் தடவை வெறும் சில்லாக விடவில்லை.

கீறிய தூசியை ஊதிவிட்டு, சில்லைத் தாளுக்குள் மடித்து உறையில் இட்டாள். அரக்கை உருக்கி ஊற்றி முத்திரையை அழுத்தினாள். ரோமாபுரி ஓநாய் பொறித்த கழக முத்திரை, யார் பார்த்தாலும் தெருநாய் என்பார்கள். மேல் மூலையில் தேதி போட்டாள்.

ரோமன் எண்களில்.

அந்தோணி அண்ணன் வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன பிள்ள, உள்ள கல்லு வச்சிருக்கியா?"

"பேருண்ணே. ஃபாதர் கையிலயே குடுத்துருங்க."

அவர் செருப்புச் சத்தம் படியிறங்கி, முற்றம் கடந்து, ஃபாதர் அறைப் பக்கம் போய்த் தேயும்வரை நின்றாள்.

பிறகு கதவைத் திறந்தாள்.

"இசக்கி, உள்ள வா."