யாரோடு விளையாடுகிறாள்

எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்ற எல்லையை இப்போது கணினிதான் வீடு வீடாகப் பார்த்து வரைகிறது. இந்த வருட வரைவில் எங்கள் பிளாக்கில் பாதி வீடுகள் நல்ல தொடக்கப்பள்ளிக்கு வெளியே. எங்கள் வீடும்தான்.

“தூரத்த வச்சு வரையல. பிள்ளைங்க யார்கூட விளையாடுதுன்னு பாத்து வரையுது,” என்றார் பெற்றோர் கூட்டத்தில் எதிர்வீட்டு அஸ்வின்.

நான் கீழ்வீட்டு ஹரிணியைப் பார்த்தேன். அவள் மகள் துளிர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். என் மதி எந்நேரமும் அவளோடுதான். ஹரிணி பாதியிலேயே எழுந்து போனாள். மனசு குறுகுறுத்திருக்கும் என்று நினைத்தேன்.

கூட்டம் முடிந்ததும் மதியை இழுத்து வர விடுவிடுவென்று போனேன். படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“துளிர் எங்கடி?”

“ஹரிணி ஆன்ட்டி வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. என்கூட விளையாண்டா நல்ல ஸ்கூல் கெடைக்காதாம்.”